கடுந்தலைவலிகள்: பாதை ஒன்று, நோய்கள் பல

கடுமையான தலைவலிகளை மருத்துவம் இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறது. தலைவலியே நோயாக இருப்பது முதல் பிரிவு. ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன், இறுக்கத் தலைவலி, கொத்துத் தலைவலி ஆகியவை இதில் அடங்கும். இவற்றை முதன்மைத் தலைவலிகள் என்பர். வேறொரு நோயின் அறிகுறியாகத் தலை வலிப்பது இரண்டாம் பிரிவு. மூளை ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல், கண் அழுத்த நோய், கர்ப்பகால ரத்த அழுத்தம் எனப் பல நோய்கள் தலைவலியாகவே தம்மை முதலில் காட்டுகின்றன. பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 1988-ல் வெளியிட்டு, 2018-ல் மூன்றாம் பதிப்பாகத் திருத்திய வகைப்பாட்டையே மருத்துவர்கள் இன்று பின்பற்றுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலக மக்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், அதாவது சுமார் 310 கோடிப் பேர், ஏதாவது ஒரு தலைவலி நோயால் அவதிப்பட்டார்கள். பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களிடம் நடந்த ஆய்வு, ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று கண்டது. இவ்வளவு பரவலான நோய்க்குத் தைலமும் கடை மாத்திரையும்தான் பெரும்பாலான வீடுகளில் மருந்து. எல்லாத் தலைவலிகளும் ஒரே நரம்புப் பாதை வழியாக உணரப்படுவதால் அவை ஒன்றைப்போல் ஒன்று தோன்றுகின்றன. சிகிச்சையோ வகைக்கு வகை வேறுபடுகிறது. வகையைத் தவறாகப் புரிந்துகொள்வதால் சிலர் பல ஆண்டுகளை வலியில் கழிக்கிறார்கள்; சிலர் மருந்தாலேயே நோயைப் பெருக்கிக்கொள்கிறார்கள்; சிலர் உயிரையே இழக்கிறார்கள்.

வலி பிறக்கும் இடம்

மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு முனைகள் கிடையாது. மூளையைச் சுற்றியுள்ள உறை, அதில் ஓடும் ரத்தக்குழாய்கள், தலை மற்றும் கழுத்துத் தசைகள், கண், பல், சைனஸ் அறைகள் ஆகியவைதான் வலியை உணர்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து செய்தியை எடுத்துச் செல்வது ட்ரைஜெமினல் எனப்படும் முக்கிளை நரம்பு. நெற்றி, கன்னம், தாடை ஆகிய மூன்று பகுதிகளுக்கும் கிளைவிடும் இந்நரம்பின் இழைகள், மூளைத்தண்டில் தொடங்கிக் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை நீளும் ஒரு நரம்புக் கருவில் சென்று முடிகின்றன. பிடரியிலிருந்தும் மேற்கழுத்திலிருந்தும் வரும் நரம்புகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. பல ஊர்களிலிருந்து வரும் பேருந்துகள் ஒரே நிலையத்தில் வந்து நிற்பது போன்ற அமைப்பு இது. இறங்கும் கூட்டத்தைப் பார்த்து யார் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று சொல்வது கடினம். கழுத்து மூட்டில் எழும் வலி நெற்றியில் தெரிவதற்கும், மைக்ரேன் வரும்போது கழுத்து இறுகுவதற்கும், கொத்துத் தலைவலி பல்வலியாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

முக்கிளை நரம்பு தூண்டப்படும்போது அதன் முனைகளில் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதக்கூறு வெளியாகிறது. அது மூளையுறையின் ரத்தக்குழாய்களை விரியச் செய்து வலிச் செய்தியைப் பெருக்குகிறது. மைக்ரேன் நோயாளிகளுக்கு இப்பொருளை ஊசி வழியே செலுத்தினால் பலருக்கு மைக்ரேன் வருகிறது. கொத்துத் தலைவலிக் காலத்தில் இருப்பவருக்குச் செலுத்தினால் கொத்துத் தலைவலி வருகிறது. இரு நோய்களும் ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்துகின்றன என்பதற்கு இது வலுவான சான்று. இந்த ஆராய்ச்சிக்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், ஜெஸ் ஓலசன் ஆகிய நால்வருக்கும் 2021-ல் மூளை ஆய்வுக்கான ‘பிரெயின் பரிசு’ வழங்கப்பட்டது.

வேறுபாடு, அந்த இயந்திரத்தை இயக்குவது எது என்பதில் இருக்கிறது. கொத்துத் தலைவலியின்போது உடலின் நேரக் கடிகாரத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதி செயல்படுவதை 1998-ல் வெளியான மூளைப் படங்கள் காட்டின. மைக்ரேனில் பரம்பரைக் கூறும் எளிதில் தூண்டப்படும் மூளையும் முதன்மைப் பங்கு வகிக்கின்றன.

மைக்ரேன்

மைக்ரேன் சிகிச்சையின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும். இரு பக்கமும் வலிப்பதுண்டு. மாடிப்படி ஏறினாலோ குனிந்தாலோ வலி கூடும். குமட்டலோ வாந்தியோ வரும். வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போகும். நோயாளி இருட்டறையில் அசையாமல் படுத்துக்கிடக்கவே விரும்புவார். பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். மாதவிடாயை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் அளவு சரியும் நாள்களில் பலருக்குக் கடுமையாக வரும். கர்ப்ப காலத்தில் பலருக்குக் குறையும்.

சிலருக்கு வலி தொடங்குமுன் பார்வையில் மின்னும் கோடுகள், வளைந்து பரவும் ஒளிப்பட்டை, கை அல்லது முகத்தில் மதமதப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றும். இந்த முன்னறிகுறி மெல்ல மெல்லப் பரவி, 5 முதல் 60 நிமிடங்களுக்குள் மறையும். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் ஒரு மின் அலையே இதன் அடிப்படை. அத்தகைய அலையை பிரேசில் நாட்டு அறிவியலாளர் அரிஸ்டிடிஸ் லியோ 1944-ல் விலங்குகளின் மூளையில் கண்டறிந்தார். பக்கவாதத்தில் கை மரப்பதும் பேச்சு குழறுவதும் பொதுவாக ஒரே கணத்தில் வந்துவிடும். இந்த வேறுபாடு பயனுள்ளதுதான். ஆனால் முதன்முறை வரும் இத்தகைய அறிகுறியை வீட்டில் வைத்து எடைபோடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கும் மைக்ரேன் வரும். அவர்களுக்கு வலி குறைந்த நேரமே இருக்கும்; நெற்றி முழுதும் வலிப்பது வழக்கம். தலைவலி இல்லாமல் வயிற்றுவலியும் வாந்தியுமாக மட்டும் வரும் வகையும் உண்டு. பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று இதைத் தள்ளிவிடுவது குழந்தைக்குச் செய்யும் அநீதி.

இறுக்கத் தலைவலி

உலகில் மிகப் பரவலான தலைவலி இதுதான். தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போல இரு பக்கமும் அழுத்தும், தெறிக்காது. அரை மணி நேரம் முதல் 7 நாள் வரை நீடிக்கலாம். நடந்தால் வலி அதிகரிக்காது, வாந்தி வராது. பெரும்பாலும் மிதமானது.

மைக்ரேனும் இதுவும் தனித்தனி நோய்களா, ஒரே நோயின் இரு முனைகளா என்பது நெடுநாள் விவாதம். மைக்ரேன் உள்ளவர்களுக்கு இடையிடையே வரும் ‘இறுக்கத் தலைவலி’ சுமட்ரிப்டான் என்ற மைக்ரேன் மருந்துக்கே கட்டுப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மைக்ரேன் இல்லாதவருக்கு வரும் இறுக்கத் தலைவலிக்கு அம்மருந்து அவ்வாறு வேலை செய்வதில்லை. எனவே மாதத்தில் சில நாள் வாந்தியோடு கடுமையாகவும் மற்ற நாள்களில் லேசாகவும் தலை வலிப்பவருக்கு, இரண்டும் மைக்ரேனின் வெவ்வேறு அளவுகளாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வாந்தி, வெளிச்சக் கூச்சம், அன்றாட வேலையை முடக்கும் தன்மை ஆகிய மூன்றும் அடிக்கடி சேர்ந்து வந்தால் மைக்ரேனை முதலில் நினைக்க வேண்டும்.

கொத்துத் தலைவலியும் அதன் உறவுகளும்

மனிதர் அறிந்த மிகக் கொடிய வலிகளில் ஒன்றாக மருத்துவம் எண்ணுவது கொத்துத் தலைவலி. ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது வருகிறது, ஆண்களிடம் அதிகம். எப்போதும் ஒரு கண்ணைச் சுற்றியோ பொட்டிலோ குத்திக் குடைவது போல எழும். அதே பக்கக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தொங்கும், நெற்றி வியர்க்கும். ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒன்று என்பதில் தொடங்கி ஒரே நாளில் எட்டு வரை வரலாம். நள்ளிரவில், தூக்கத்தில், ஒரே கடிகார நேரத்தில் வந்து எழுப்புவது இதன் அடையாளம். ஆண்டின் ஒரு பருவத்தில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தொடர்ந்து வந்து, பிறகு மாதக்கணக்கில் மறையும். தாக்குதல்கள் தொடரும் காலத்தில் சிறிதளவு மது அருந்தினாலும் தாக்குதல் தொடங்கிவிடும்.

மைக்ரேனிலிருந்து இதைப் பிரித்தறிய உதவும் முதன்மையான அடையாளம் நோயாளியின் நடத்தை. மைக்ரேன் உள்ளவர் அசையாமல் படுப்பார். கொத்துத் தலைவலி உள்ளவரால் உட்கார முடியாது. எழுந்து நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், தலையைச் சுவரில் முட்டுவார். பார்ப்பவர் இதை மனநோய் என்றும் நாடகம் என்றும் தவறாக எண்ணுவதுண்டு. கண்ணீரும் மூக்கடைப்பும் இருப்பதால் சைனஸ் என்றும், மேல்தாடையில் பரவுவதால் பல்வலி என்றும் கருதி, தேவையற்ற மூக்கு அறுவைக்கும் பல் பிடுங்கலுக்கும் ஆளானவர்கள் பலர்.

இதே குடும்பத்தில் இன்னும் மூன்று நோய்கள் உள்ளன. நான்கிலும் வலி ஒரே பக்கம் வரும். கண்ணும் மூக்கும் நீர் விடும். பிரித்துக் காட்டுவது நேரம்தான். பராக்சிஸ்மல் ஹெமிக்ரேனியா 2 முதல் 30 நிமிடம் நீடித்து, நாளொன்றுக்கு ஐந்து முறைக்கு மேல் வரும். ‘சன்க்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வகை சில வினாடிகள் முதல் 10 நிமிடம் வரை நீடிக்கும் குத்தல்களாக வரும்; ஒரே நாளில் நூறு முறைகூட வரலாம். ஹெமிக்ரேனியா கன்டினுவா மூன்று மாதத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விடாமல் ஒரு பக்கம் வலித்து, இடையிடையே உச்சத்துக்குப் போகும். பராக்சிஸ்மல் ஹெமிக்ரேனியாவும் ஹெமிக்ரேனியா கன்டினுவாவும் இண்டோமெதசின் என்ற பழைய மாத்திரையால் முழுமையாக அடங்கும். அடங்குவதே நோயை உறுதிசெய்யும் சோதனையும் ஆகும். கொத்துத் தலைவலிக்கு அதே மாத்திரை பெரும்பாலும் பயன்படாது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துச் சொல்லும் நோயாளி, தன் நோய்க்கான பெயரைத் தானே பாதி கண்டுபிடித்துவிடுகிறார்.

கன்னத்திலும் தாடையிலும் மின்சாரம் தாக்கியது போல ஓரிரு வினாடிகள் வெட்டி இழுக்கும் ட்ரைஜெமினல் நரம்புவலி, இந்தக் குடும்பத்துக்கு அடுத்த வீட்டு நோய். பல் துலக்கினாலும், முகம் கழுவினாலும், சோறு மென்றாலும், காற்றுப் பட்டாலும் வரும். பெரும்பாலும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காணப்படுகிறது. முக்கிளை நரம்பின் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவது முதன்மைக் காரணம். கார்பமசெபின் இதற்கு முதல் மருந்து. கண்ணீர், மூக்கொழுகலோடு வரும் ‘சன்க்ட்’ வலிக்கு லமோட்ரிஜின் பயன்படுகிறது. இம்மருந்துகளைத் தொடங்கிய சில வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அபூர்வமாக அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையாக முடியும்.

ஒருவருக்கே இரண்டு நோய்கள் இருக்கலாம். மைக்ரேனும் கொத்துத் தலைவலியும் சேர்ந்து வருபவர் உண்டு. கொத்துத் தலைவலியோடு ட்ரைஜெமினல் வலி சேர்ந்து வருவதும் உண்டு. மைக்ரேன் தாக்கும்போது கணிசமானோருக்குக் கண்ணில் நீர் வடிகிறது. ஆகவே ஒரு அறிகுறியை மட்டும் வைத்து முடிவுசெய்யாமல் நீடிக்கும் நேரம், திரும்ப வரும் வேகம், உடன் வரும் அறிகுறிகள், வலியின்போது நோயாளி நடந்துகொள்ளும் விதம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மருந்தே நோயாகும் நிலை

எப்போதாவது வரும் மைக்ரேன், காலப்போக்கில் மாதத்துக்கு 15 நாளும் அதற்கு மேலும் வரும் நாள்பட்ட தலைவலியாக மாறக்கூடும். குறட்டையும் தூக்கக்குறைவும், உடல் பருமன், மனச்சோர்வு, தலைக்காயம் ஆகியவை இதைத் தூண்டுகின்றன. எல்லாவற்றையும்விட எளிதில் தவிர்க்கக்கூடிய காரணம், வலி மாத்திரையின் மிகைப் பயன்பாடு.

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற எளிய வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால் அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். சுமட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகள், எர்காட்டமின், டிராமடால், காஃபின் கலந்த கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றுக்கு இந்த எல்லை 10 நாள். காலையில் தலைவலியோடு விழித்து, மாத்திரை போட்டு, மாலையில் மீண்டும் வலி வந்து, இன்னொன்று போடும் சுழற்சி இதன் அடையாளம். ஏற்கெனவே மைக்ரேன் உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. மூட்டுவலிக்காகத் தினமும் மாத்திரை எடுப்பவருக்கு மைக்ரேன் இல்லையெனில் பொதுவாக வருவதில்லை.

தீர்வு, மாத்திரையை நிறுத்துவது. நிறுத்திய பின் 2 முதல் 10 நாள் வரை வலி கூடும். பலர் அப்போது பயந்து மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவர் துணையோடு தடுப்பு மருந்தையும் தொடங்கி அந்த நாள்களைக் கடந்தால், பெரும்பாலானோருக்குத் தலைவலி நாள்கள் வெகுவாகக் குறைகின்றன. டிராமடால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தவறாகச் சூட்டப்படும் பெயர்கள்

சைனஸ் தலைவலி என்று தாமே நம்பிய, அல்லது மருத்துவர் சொன்ன சுமார் 3,000 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. சீழ் போன்ற சளி, காய்ச்சல், வாசனை தெரியாமை ஆகியவை இருந்தால் சைனஸ் தொற்றை நினைக்கலாம். அவை இல்லாமல் மாதாமாதம் திரும்பிவரும் வலிக்கு ஆன்டிபயாட்டிக் எடுப்பதில் பயனில்லை.

வாந்தி எடுத்ததும் வலி தணிவதால் பித்தத் தலைவலி என்று வீடுகளில் சொல்லப்படுவதும் பெரும்பாலும் மைக்ரேனே. கண்பார்வைக் குறை லேசான வலியைத் தரலாம். கண்ணாடி மாற்றுவதால் மைக்ரேன் தீராது. சாதாரண அளவு உயர் ரத்த அழுத்தமும் தலைவலி தருவதில்லை. 180/120 என்ற அளவை எட்டும்போது வரும் தலைவலி அவசரநிலை. தலை வலிக்கும்போது மட்டும் அழுத்த மாத்திரை போட்டு, வலிக்காத நாளில் விட்டுவிடும் பழக்கம் பக்கவாதத்துக்கு வழி திறக்கும்.

உயிரையும் பார்வையையும் பறிக்கும் தலைவலிகள்

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் இடிபோன்ற தலைவலி, மூளை ரத்தக்குழாய்ப் புடைப்பு வெடித்து மூளையுறைக்கு அடியில் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம், வலிப்பு சேர்ந்து வரும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இதை மிகத் துல்லியமாகக் காட்டும். நேரம் போகப்போகக் கசிவு தெரியாமல் போகும், முதுகுத்தண்டு நீர்ச் சோதனை தேவைப்படும். வலி தானாகத் தணிந்துவிட்டது என்பது வீட்டில் இருக்கக் காரணமாகாது.

காய்ச்சலோடு தலைவலியும் கழுத்து விறைப்பும் மூளைக்காய்ச்சலைக் குறிக்கும். நம் நாட்டில் காசநோயால் வரும் மூளைக்காய்ச்சல் இரண்டு மூன்று வாரம் மெல்ல மெல்ல வளரும். லேசான காய்ச்சல், எடைக்குறைவு, சோர்வு, நடத்தை மாற்றம் ஆகியவற்றோடு தொடரும் தலைவலியைக் கவனிக்காமல் விடக் கூடாது.

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரையிலும் வரும் கடும் தலைவலிக்கு முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அழுத்தம் 140/90-க்கு மேல் இருந்து, கண் மங்கி, மேல்வயிறு வலித்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. பிரசவித்த தாய்மாருக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவதாலும் தலைவலி வரும். நாளுக்கு நாள் கூடும். வலிப்போ கை கால் பலவீனமோ தொடரும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற பழக்கம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்ட பின், எழுந்து உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் தணியும் தலைவலி வேறு வகை. ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் வருவது. அதற்கும் சிகிச்சை உண்டு.

50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாக வரும் தலைவலி, சீப்பு பட்டாலே வலிக்கும் தலைத்தோல், மெல்லும்போது தாடைவலி ஆகியவை பொட்டுத் தமனி அழற்சியைக் காட்டும். ஸ்டீராய்டு உடனே தொடங்காவிட்டால் ஒரு கண்ணும், பிறகு மற்றதும் பார்வை இழக்கக்கூடும். கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து, வாந்தியோடு வலித்தால் அது திடீர்க் கண் அழுத்த நோயாக இருக்கலாம். மைக்ரேன் என்று ஊசி போட்டு அனுப்பினால் சில மணி நேரத்தில் பார்வை போகலாம். உடல் எடை கூடிய இளம்பெண்ணுக்குத் தலைவலியோடு குனியும்போது கண் இருட்டுவதும், காதில் நாடித்துடிப்புக் கேட்பதும் இருந்தால், கண் நரம்பில் வீக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

பொதுவான அபாய அறிகுறிகள் இவை: திடீரென வெடிக்கும் வலி, காய்ச்சல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, வலிப்பு அல்லது மயக்கம், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு வரும் புது வலி, புற்றுநோய் அல்லது எச்.ஐ.வி. உள்ளவருக்கு வரும் வலி. இருமினாலோ முக்கினாலோ மட்டும் எழும் வலி. நாளுக்கு நாள் கூடும் வலி. பல ஆண்டு மைக்ரேன் திடீரெனத் தன்மை மாறுவது. மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரியடுப்போ எரியும்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், உடனே வெளியேறிக் காற்றோட்டத்துக்கு வர வேண்டும். அது கார்பன் மோனாக்சைடு நச்சு.

பொருந்தும் மருந்தும் பொருந்தாத மருந்தும்

மைக்ரேனுக்கு வலி தொடங்கியதுமே போதிய அளவு வலிநிவாரணியும் குமட்டல் மருந்தும் எடுப்பது முதல்படி. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது. இவற்றுக்கு அடங்காவிட்டால் டிரிப்டான் வகை. மாரடைப்பு, பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவருக்கு டிரிப்டான் ஆகாது. எர்காட்டமின் கலந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்குக் கூடாது; டிரிப்டான் எடுத்த அதே நாளிலும், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எடுக்கும்போதும் கூடாது. கை கால் ரத்தக்குழாய்கள் ஆபத்தான அளவுக்குச் சுருங்கிவிடும்.

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி முடக்கினால் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. ஃபுளுனரிசின் எடையைக் கூட்டும்; மனச்சோர்வையும், முதியவர்களுக்கு நடுக்கத்தையும் தரலாம். வால்ப்ரோயேட், டோப்பிரமேட் கருவிலிருக்கும் சிசுவைப் பாதிக்கும். குழந்தைபெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைத் தவிர்க்க வேண்டும். முன்னறிகுறியோடு மைக்ரேன் வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும். புகைபிடித்தால் இன்னும் கூடும். சி.ஜி.ஆர்.பி.-யைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் உலகில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன, விலை அதிகம்.

கொத்துத் தலைவலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் பயன்படா. அவை ரத்தத்தில் கலந்து வேலை செய்வதற்குள் தாக்குதல் பெரும்பாலும் முடிந்துவிடும். முகமூடி வழியே நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் தூய ஆக்சிஜனை 15 நிமிடம் சுவாசிப்பது சிறந்த உடனடிச் சிகிச்சை. 2009-ல் வெளியான ஆய்வில் ஆக்சிஜனால் 78 சதவீதத் தாக்குதல்களும், வெறுங்காற்றால் 20 சதவீதத் தாக்குதல்களும் தணிந்தன. சுமட்ரிப்டான் ஊசியும் உதவும். தடுப்புக்கு வெராபமில், இதை எடுப்பவருக்கு இ.சி.ஜி. அவசியம். ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வைப்பவர்கள் அதனருகே புகைபிடிக்கவோ விளக்கேற்றவோ கூடாது.

எல்லாத் தலைவலிக்கும் ஸ்கேன் தேவையில்லை. பல ஆண்டுகளாக ஒரே விதமாக வரும், நரம்புப் பரிசோதனையில் குறையில்லாத மைக்ரேனுக்கு ஸ்கேன் புதிதாக எதையும் பெரும்பாலும் சொல்லாது. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உடன் வந்தவை, எடுத்த மாத்திரை, மாதவிடாய் நாள் ஆகியவற்றை இரண்டு மாதம் எழுதிய ஒரு நோட்டு அதைவிடப் பயன்தரும்.

நோயாளியின் உரிமைகள்

அவசர சிகிச்சை கேட்டு வரும் எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989-ல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமும் மூளை ரத்தக்கசிவும் ஏற்பட்ட ஒரு விவசாயத் தொழிலாளரைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் பல, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று கூறி இழப்பீடு வழங்கியது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் இலவசம். 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். சாலை விபத்தில் தலைக்காயம் பட்டவருக்கு, ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. மூளை அறுவை சிகிச்சைகள் பல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.

மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ல் வகுக்கப்பட்ட மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. ஸ்கேன் படங்கள், சீட்டுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தினால் அடுத்த மருத்துவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நோயின் பெயர், மருந்தின் பெயர், பக்கவிளைவு, மாற்றுச் சிகிச்சை ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அறுவைக்கோ பல் பிடுங்கவோ சம்மதிக்கும் முன் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் அப்படியே. சிவப்புக் கோடு போட்ட மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது. வாங்கும் மருந்துக்கு ரசீது கேட்க வேண்டும்.

கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அபாய அறிகுறி தெளிவாக இருந்தும் பரிசோதிக்காமல் அனுப்பியதால் பாதிப்பு நேர்ந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். தொடக்க ஆலோசனைக்கு 1915 என்ற உதவி எண் உண்டு. மருத்துவரின் நடத்தை குறித்த புகாரை மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அலட்சியம் ஆகாது. ஒரு சராசரித் தகுதியுள்ள மருத்துவர் காட்டும் கவனம் காட்டப்படவில்லை என்பதை ஆவணங்களோடு நிறுவ வேண்டும்.

வேலையிடத்தில், இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளி மருத்துவச் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தின் 70 சதவீதத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். தலைவலி நோய்க்கு இதில் விலக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலில் மைக்ரேன் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. எனினும் இருக்கைக்கு மேலுள்ள கூசும் விளக்கை மாற்றுவது, கண்ணைக் குத்தும் திரையை மங்கலாக்குவது, நேரத்துக்குச் சாப்பிட இடைவேளை தருவது, வலி வந்தால் அரை மணி நேரம் படுக்க ஓர் இடம் தருவது ஆகியவை நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லாத ஏற்பாடுகள். நரம்பியல் மருத்துவர் எழுதித் தரும் சான்றோடு இவற்றை எழுத்துமூலம் கேட்பது நல்லது. பள்ளியில் படிக்கும் குழந்தைக்கும் இத்தகைய சான்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வைத்தால், வலி வந்த நாளில் மருந்தும் ஓய்வும் தாமதமின்றிக் கிடைக்கும்.